மாதிரி விடையில் காணாமல் போன வரி

படிவம் 4 மாணவர்களுக்காக நான் வாங்கி வைத்திருக்கும் பயிற்சி நூலில் இருபடிச் சமன்பாட்டுக்கு மாதிரி விடை இப்படி இருக்கிறது. (எக்ஸ் வரும் இடத்தில் ‘ப’ என்று எழுதியிருக்கிறேன்.)

ப² − 5ப + 6 = 0
(ப − 2)(ப − 3) = 0
ப = 2, ப = 3

தவறு ஒன்றுமில்லை. எஸ்.பி.எம். தேர்வில் எழுதினால் புள்ளியும் கிடைக்கும். ஆனால், இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரிக்கு எப்படிப் போனோம்? நூல் வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் என்ன புரிந்துகொள்கிறார்கள் தெரியுமா? “அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற எண்ணை எடுத்து, குறியை மாத்திப் போடணும்.” அவ்வளவுதான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். வகுப்பில் (ப − 2)(ப − 3) = 2 என்று எழுதிப் போட்டேன். ஒரு மாணவன் மளமளவென்று ப − 2 = 2, ப − 3 = 2 என்று பிரித்து, 4, 5 என்று விடை சொன்னான். தப்பு என்றேன். “டீச்சர், நாலைப் போட்டுப் பார்த்தேன், சரியாத்தானே வருது?” என்றான். உண்மைதான்! 2 × 1 = 2. “அஞ்சைப் போட்டுப் பார்த்தியாப்பா?” என்று கேட்டதும்தான் முழித்தான். 3 × 2 = 6 அல்லவா?

பாதி விடை தற்செயலாகச் சரியாக வந்துவிடும் கணக்கு, முழுக்கத் தப்பாகும் கணக்கைவிட ஆபத்தானது. பெருக்கினால் 2 வர 2 × 1 இருக்கிறது, 4 × ½ இருக்கிறது, (−1) × (−2) கூட இருக்கிறது. எதை என்று பிடிப்பது? சுழியம் மட்டும்தான் வேறு மாதிரி. இரண்டு எண்களின் பெருக்கம் சுழியம் என்றால், அவற்றில் ஒன்றாவது சுழியமாக இருந்தே தீர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, மறுபக்கம் சுழியம் வைப்பது அதற்காகத்தான். ஆகவே விரித்து எழுதுகிறோம்: ப² − 5ப + 4 = 0; (ப − 1)(ப − 4) = 0. இங்கே “ப − 1 = 0 அல்லது ப − 4 = 0” என்ற வரி வர வேண்டும். நூலில் காணாமல் போனது இந்த வரிதான். அதிலும் அந்த ‘அல்லது’ முக்கியம். ஒரே நேரத்தில் ப, 1 ஆகவும் 4 ஆகவும் இருக்க முடியாதே!

கணிப்பான் வந்த பிறகு இன்னொரு கோளாறு. 2ப² − 5ப − 3 = 0 என்று கொடுத்தால், பொத்தானை அமுக்கி 3, −½ என்று மூலங்களை எடுத்துக்கொண்டு, பின்னோக்கிப் போய் (ப − 3)(ப + ½) = 0 என்று எழுதுகிறார்கள். மூலங்கள் சரி, காரணிப்படுத்தியது சரியில்லை. முன்னால் இருந்த 2 எங்கே போச்சு? (ப − 3)(2ப + 1) என்றல்லவா வர வேண்டும்?

ப² = 5ப என்றால் இரண்டு பக்கமும் ப-வால் வகுத்து 5 மட்டும் சொல்கிற பிள்ளைகளை ரொம்பத் திட்டாதீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி தம் இயற்கணித நூலில் இதே கணக்கைப் போட்டு, 5 என்று மட்டுமே விடை தந்தார். சுழியத்தை அவர் மூலமாகக் கணக்கில் எடுக்கவில்லை. நம் பிள்ளைகள் எடுத்தாக வேண்டும். ப சுழியமாக இருக்கலாம் என்றால், அதனால் எப்படி வகுப்பது? ப(ப − 5) = 0 என்று எழுதினால் 0, 5 இரண்டும் கைக்கு வரும்.

நாளை வகுப்பில் இதைக் கொடுத்துப் பாருங்கள்: (ப − 1)(ப − 4) = 4. இங்கே சொன்ன இரண்டு பொறிகளும் இதற்குள் இருக்கின்றன. மாணவர்களே, விடையை ஆசிரியரிடம் கேட்காதீர்கள். கிடைத்த ஒவ்வோர் எண்ணையும் முதல் வரியில் போட்டுப் பாருங்கள்.