முனி வரிசையும் ஆவியின் இடமிழப்பும்

காஞ்சனா 3 (2019) ஏமாற்றமளித்ததற்கு, ராகவா லாரன்ஸ் ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்ததே காரணம் என்னும் தீர்ப்பு இப்போது ஆராயப்படாமலே ஏற்கப்படுகிறது. தெரிந்த கதையை விடிய விடியக் கூத்தாகப் பார்த்துப் பழகிய மக்களுக்குத் திரும்பச் சொல்லுதல் ஒருபோதும் குறையாக இருந்ததில்லை என்பதால், அத்தீர்ப்பு நோயை விட்டுவிட்டு அதன் அறிகுறியையே பிடித்துக்கொள்கிறது.

நோயை அறிய, முனி வரிசையைக் கொலையாளிப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கூரிய ஆயுதத்தால் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லும் கொலையாளியை மையமாகக் கொண்ட படவகை ‘ஸ்லாஷர்’ எனப்படுகிறது. அமெரிக்காவில் ஹாலோவீன் அவ்வகையைப் பரவலாக்கிய அதே 1978இல் தமிழில் சிகப்பு ரோஜாக்கள் வந்தது. பாலு மகேந்திரா 1980இல் மூடுபனியையும், மணிவண்ணன் 1984இல் நூறாவது நாளையும் தந்தனர். இவற்றின் கொலையாளிகள் உயிருள்ள மனிதர்கள்; ஒரே படத்தோடு அவர்கள் கதையும் முடிந்தது.

ஹாலிவுட் வரிசைகளில் கொலையாளி நிலைத்திருக்க, பலியாவோர் மாறிக்கொண்டிருப்பர். முனி (2007) தொடங்கிய வரிசையோ இதைத் தலைகீழாக்கி, லாரன்ஸ் நடித்த பயந்தாங்கொள்ளி இளைஞனை நிலைநிறுத்தி, பலியானவரையே ஆவியாக, கொல்லும் உரிமை பெற்றவராக, படத்துக்குப் படம் மாற்றியது. முனியில் அரசியல்வாதியால் வஞ்சிக்கப்பட்ட சேரிவாசியாக ராஜ்கிரண் வந்தார்; காஞ்சனாவில் (2011) மருத்துவமனைக்கென வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை காஞ்சனாவாகச் சரத்குமார் வந்தார். காணிப் பிணக்கு அன்றாடச் செய்தியாகிவிட்ட இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் இக்கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது. காஞ்சனாவுக்கு அடைக்கலம் தந்து உடன் மாண்ட முஸ்லிம் பெரியவர் மட்டும், வீட்டிலும் சந்தையிலும் தமிழே பேசும் கல்முனை முஸ்லிம்களுக்கு அந்நியராகத் தோன்றுவார்; தமிழ்த் திரையின் பழைய சோம்பலுக்கு ஏற்ப அவர் இந்தியில் பேசுகிறார். இறந்தவரின் றூஹு, அதாவது ஆன்மா, உலகுக்குத் திரும்பாது என நம்புவோரும், ஜின்னைத் தனிப்படைப்பாகக் கருதுவோரும்கூட, காஞ்சனாவின் மீள்வரவை நம்பிக்கை சார்ந்த கேள்வியாக்காமல் நீதிமன்றம் ஏறாத ஒரு வழக்காகவே பார்க்க முடியும். சரத்குமார் சில காட்சிகளே தோன்றினாலும், பிறர் துயரம் நாயகனின் உடலில் புகுந்து அவனை அவனல்லாதவனாக்கும் விந்தை அப்படத்தில்தான் முழுமையடைந்தது.

சரிவு காஞ்சனா 2இல் (2015) தொடங்குகிறது. நித்யா மேனனின் கங்கா வலுவான பாத்திரமாயினும், அவளோடு கொல்லப்படும் காதலன் வேடத்தையும் லாரன்ஸே எடுத்துக்கொண்டார். காஞ்சனா 3இல் ஆவியான காளியும் அவரே. ஏழைகளின் காவலனாக, குறையற்றவனாக, சண்டைக்காட்சிகளில் வெல்லப்பட முடியாதவனாக வரும் அவன், பேயுருவில் வந்த வழக்கமான நாயகன் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நடிகரின் உடலில் அதே நடிகர் புகும்போது எவரும் எவராகவும் மாறுவதில்லை. அச்சமும் இரக்கமும் ஒருங்கே வற்றிவிடுகின்றன. ஹாலோவீன் எண்ட்ஸ் (2022) கொலையாளியின் முகமூடியைப் புதியவன் ஒருவனிடம் கொடுத்துக் கெட்டதென்றால், காஞ்சனா 3 யாருக்கும் எதையும் கொடுக்க மறுத்துக் கெட்டது. நிலமிழந்தவருக்கும் சேரிவாசிக்கும் திருநங்கைக்கும் முதலிரு படங்கள் ஒதுக்கிய ஆவியின் இடத்தை, லாரன்ஸ் அல்லாத ஒருவருக்குத் திருப்பித் தராதவரை, இவ்வரிசை எத்தனை புதிய கதைகளை நாடினாலும் பயனில்லை.