செஞ்சிக் கதைப்பாடலும் வகுப்பறையும்

செஞ்சி என்றவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுபவன் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையை எதிர்த்து 1714-இல் களத்தில் மாய்ந்த அவ்விளைஞன் ஆண்ட காலம் சிறிது. அவனைப் பாடிய கதைப்பாடலின் வாழ்நாளோ நெடிது. இக்கதையைப் பயிற்றுவோர் வீரம், நட்பு, கற்பு என்னும் மூன்று தலைப்புகளில் அதனை அடக்கிவிடுதல் பெருவழக்கு. அம்முறை நிரம்பியதாகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இராசபுத்திர மன்னனும் இசுலாமியத் தோழனும் உயிரொன்றி நின்ற நட்பு போற்றற்குரியதே. எனினும் சமய ஒற்றுமையைப் பாராட்டிய அளவில் சமுதாய வேற்றுமை முழுதும் பேசப்பட்டதாகக் கருதுதல் பிழையாம். கணவனோடு தீப்புகுந்த அரசியைக் கற்பின் சின்னமாக மட்டும் காட்டி மேற்செல்லும் ஆசிரியர், அவ்வறம் ஆடவர்க்கு ஏன் விதிக்கப்படவில்லை என்னும் வினாவை மாணாக்கர் எழுப்ப இடந்தருவதில்லை.

பெயர்களை நோக்குக. அரசனுக்குப் பெயருண்டு, தோழனுக்குப் பெயருண்டு, பாராசாரி, நீலவேணி எனக் குதிரைகட்கும் பெயருண்டு. அக்குதிரைகட்குச் சேணம் தைத்தவன் பெயரை யாவர் அறிவார்? இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்றும் செஞ்சிக் கோட்டையின் பெருமலைகள். அவற்றை அடுத்துள்ள சிறு குன்றொன்று வரலாற்று நூல்களிற் சக்கிலிதுர்க்கம் எனக் குறிக்கப்பெறுகின்றது. அரசர்க்கும் படைக்கும் தோற்பணி செய்தோர் ஆங்கு உறைந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். இக்கருத்துக்குச் சான்று வலிதன்று. ஆயினும் தோலின்றிச் சேணமில்லை. சேணமின்றிக் குதிரைப்போர் இல்லை. பெரியோர் தம் பெயரால் நின்றனர். உழைத்தோர்க்குச் சாதியின் பெயரே எஞ்சியது.

இப்பாடம் பழங்கதை அளவில் நிற்பதன்று. 2023-இல் நாங்குநேரியில் மாணவன் ஒருவன் உடன்பயில்வோரால் வெட்டுண்ட பின்னர் அமைக்கப்பெற்ற நீதியரசர் சந்துரு குழு, 2024-இல் தன் அறிக்கையை அளித்தது. சாதி உணர்த்தும் கைக்கயிறுகளை விலக்குமாறும், மாணாக்கரை அகரவரிசையில் அமர்த்துமாறும் அது பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்தல் எளிது. கயிறு கட்டிய நெஞ்சைத் திருத்துதல் ஆசிரியர் கடன். பிறப்பால் மேம்பாடு எய்தியோர்க்கு அது தம் தகுதியின் பயனாகவே தோன்றும். அத்தோற்றத்தை அறிவுரையாற் போக்கல் அரிது.

ஆதலின், வினாவை மாணாக்கனை நோக்கித் தொடுத்தல் ஆகாது. பாடலை நோக்கியே தொடுத்தல் வேண்டும். 'நீ யார்?' என்று வினவின் ஒருவன் தலைகுனிவான், மற்றொருவன் சினப்பான். 'இக்கதையைக் கேட்குங்கால் யாருடைய இடத்தில் நின்று கேட்கின்றோம்?' என்று வினவின் வகுப்பு முழுதும் சிந்திக்கும். குதிரையேறிய மன்னனாகவே நம்மை எண்ணினோம் என்பதும், சேணம் தைத்தவனாக எண்ணியதில்லை என்பதும் அப்போது புலனாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாடலை இன்றைய அளவுகோலால் அளத்தல் தகுமோ எனச் சிலர் தடை கூறுவர். யாம் பாடியவனைக் குற்றங்கூற வந்தோமல்லேம். பயிற்றுவோர் நோக்கையே ஆராய்ந்தோம். 2025-இல் மராட்டியர் படைத்தலங்களுள் ஒன்றாகச் செஞ்சி உலக மரபுச்சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டையைக் காண வரும் மாணாக்கர் இனிப் பெருகுவர். இராசகிரியின் உச்சியை அவர்கட்குச் சுட்டும் ஆசிரியர், அச்சிறு குன்றையும் சுட்டுவாராக. சுட்டிய பின்னரே தேசிங்கின் கதை முழுமையாகப் பயிற்றப்பட்டதாகும்.