தூங்காத சாவி

கனடாவில், அதிலும் டொரான்டோ பக்கம், உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் அடுத்த முறை போனில் பேசும்போது ‘கார் பத்திரமா இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஸ்நோ, வேலை, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அரை மணி நேரம் பேசுவார்கள். தனக்குப் போகவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போயிருக்கும்.

2024 ஆரம்பத்தில் டொரான்டோவின் எட்டோபிகோ பகுதியில் போலீஸும் பொதுமக்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டம். அதில் ஒரு போலீஸ்காரர் யோசனை சொன்னார். கார் சாவியை வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ஏனென்றால் வருகிறவன் காருக்காகத்தான் வருகிறான், அவன் கையில் துப்பாக்கி இருக்கலாம், சாவியைத் தேடிக்கொண்டு பெட்ரூம் வரை வரவேண்டாமே! விஷயம் வெளியே வந்ததும் ஊர் சிரித்தது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், வேறு வழிகளும் இருக்கின்றன என்று போலீஸ் இலாகா விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரைவிட கார் பெரிசா என்ன? அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். கீலெஸ் கார் வைத்திருப்பவர்களுக்குப் பல வருஷமாகச் சொல்லப்பட்டுவரும் முதல் அறிவுரையே, சாவியை வாசல் பக்கம் வைக்காதீர்கள், வீட்டுக்குள்ளே தள்ளி வையுங்கள் என்பதுதான். இரண்டையும் கேட்டு நடக்க வேண்டுமானால் சாவி வாசலில் இருக்கவும் வேண்டும், இருக்கவும் கூடாது. லட்சக்கணக்கில் பணம் கொடுத்துக் கார் வாங்கியவனை இந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தியது யார்? அதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

கீலெஸ் என்ட்ரி தெரியும்தானே? சாவி பாக்கெட்டிலோ ஹேண்ட்பேகிலோ கிடக்கும். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் திறக்கும். உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் எஞ்சின் ஓடும். இதன் உள்விவகாரம் ரொம்ப எளிது. கார் மிக மெல்லிய குரலில் ‘யார் அங்கே?’ என்று கேட்கும். அந்தக் குரல் ஓரிரு மீட்டருக்கு மேல் போகாது. சாவிக்குக் கேட்டால் அது கொஞ்சம் உரத்த குரலில், ரகசிய கணக்குப் போட்டு ஒரு பதில் சொல்லும். பதில் சரி என்றால் கதவு திறக்கும். அதாவது, ‘என் மெல்லிய குரல் அவனுக்குக் கேட்டுவிட்டது, ஆகவே அவன் பக்கத்தில்தான் நிற்கிறான்’ என்பது காரின் நம்பிக்கை. மொத்தக் கட்டடமும் இந்த ஒரு செங்கல் மேல் நிற்கிறது.

செஸ் தெரியாத ஒருவன் ஆனந்தோடு ஒரு போர்டிலும் கார்ல்சனோடு இன்னொரு போர்டிலும் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பேரும் வேறு வேறு அறையில். ஆனந்த் நகர்த்தியதை இவன் கார்ல்சனிடம் நகர்த்துவான், கார்ல்சன் நகர்த்தியதை ஆனந்திடம் நகர்த்துவான். செஸ் தெரியவே வேண்டாம், ரெண்டு பேரிடமும் தோற்கவும் மாட்டான். கணிதக்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவரும் கதை இது. கார் திருடனும் இதையேதான் செய்கிறான். ஒருத்தன் கார் பக்கத்தில், இன்னொருத்தன் உங்கள் வீட்டுக் கதவு பக்கத்தில். காரின் கேள்வியை இவன் வாங்கி அவனுக்கு அனுப்ப, அவன் கதவு வழியாக உள்ளே கிடக்கும் சாவிக்குச் சொல்ல, சாவி தூக்கத்தில் உளறுகிற மாதிரி பதில் சொல்லிவிடும். ரகசியக் கணக்கை யாரும் உடைக்கவில்லை. பூட்டு, சாவி இரண்டும் தங்கள் கடமையை ஒழுங்காகச் செய்தன. கார் மட்டும் இல்லை.

இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் 2017 நவம்பரில் ஒரு சிசிடிவி காட்சியை வெளியிட்டது. சோலிஹல் என்ற ஊரில் ஒரு வீட்டு வாசல். பெட்டியும் கையுமாக ரெண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் வீட்டுச் சுவரோரம் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சுமார் ஒரே நிமிஷம், மெர்சிடிஸ் கிளம்பிவிடுகிறது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை.

கிளம்பிவிட்ட பிறகு சாவி தூரத்தில் இருந்தால் எஞ்சின் நிற்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நிற்காது. ‘சாவியைக் காணோம்’ என்று பீப் சத்தம் கொடுக்கும், அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சாவியின் பேட்டரி தீர்ந்து எஞ்சின் நின்றால் உயிர் போய்விடும் என்பதால் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். சரியான முடிவு. திருடனுக்கும் சேர்த்துச் சரியான முடிவு. அவன் துறைமுகம் வரை நிறுத்தாமல் போகலாம். கனடாவில் திருடுபோன கார்கள் பல மாண்ட்ரியல் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏறி ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் போயிருக்கின்றன.

நான் பி.காம். எலெக்ட்ரானிக்ஸ் எனக்குப் புரிவது மேலே சொன்ன அளவுக்குத்தான். ஆனால் ஒரு செலவு யார் லெட்ஜரிலிருந்து கிளம்பி யார் லெட்ஜரில் போய் உட்காருகிறது என்று பார்க்கத் தெரியும். இந்த விஷயத்தில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

2011ல் சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். ஜூரிக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 8 கம்பெனிகளின் 10 கார்களை எடுத்துக்கொண்டு இதே தந்திரத்தைப் பரிசோதித்தார்கள். பத்தும் விழுந்தன. கருவிகளுக்கு ஆகும் செலவு நூறு டாலரிலிருந்து ஆயிரம் டாலருக்குள். அவர்கள் சும்மா பயம் காட்டிவிட்டுப் போகவில்லை, மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். அவசரத்துக்கு, சாவியை உலோக உறையில் போட்டு வையுங்கள். அடுத்து, சாவியிலேயே ஒரு சின்ன ஸ்விட்ச் வையுங்கள், வேண்டாதபோது அணைத்துவிடலாம். நிரந்தரத் தீர்வு, சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கார் உண்மையாகவே அளக்கட்டும்.

ஒரு ஸ்விட்ச்! டார்ச் லைட்டில் இருப்பது. அதைக்கூட வைக்க மனசு வரவில்லை. ஏன்? ஸ்விட்ச் வைத்தால் ‘எதையும் அழுத்த வேண்டாம், தொட்டாலே திறக்கும்’ என்ற விளம்பரம் அடிபட்டுப் போகும். கீலெஸ் என்பது டாப் மாடலுக்குக் கூடுதல் விலை வைத்து விற்கும் சரக்கு. அதன் குறையை மூடும் செலவு மட்டும் வாங்கியவன் தலையில். அவசரத்துக்கென்று சொன்ன முதலுதவியை, அந்த உறையை, இன்றைக்கும் நீங்களும் நானும் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஒரேயடியாகத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதே கார் கம்பெனிகள் 1990களில் இம்மொபிலைசர் என்ற சங்கதியைக் கொண்டுவந்தன. சரியான சாவியின் சிப் இல்லாமல் எஞ்சின் கிளம்பாது. ஐரோப்பாவில் 1998 முதல் அது கட்டாயம். ஒயரைக் கடித்து முடிச்சுப் போட்டுக் கார் கிளப்பும் சினிமாக் காட்சி அதோடு காலாவதியானது, இங்கிலாந்தில் கார் திருட்டு மளமளவென்று இறங்கியது. சட்டம் போட்டார்கள், செய்தார்கள். சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது? அமெரிக்காவில் கியா, ஹூண்டாய் கம்பெனிகள் 2011லிருந்து சுமார் பத்து வருஷம், சாவி திருகிக் கிளப்பும் சாதாரண மாடல்கள் பலவற்றை இம்மொபிலைசர் இல்லாமலேயே விற்றன. ஸ்டியரிங் கீழே உள்ள மூடியைப் பெயர்த்து, யுஎஸ்பி ஒயரின் முனையைச் செருகித் திருகினால் கார் ரெடி. பள்ளிக்கூடப் பையன்கள் வீடியோ பார்த்துத் திருடினார்கள். இதில் பட்டன் ஸ்டார்ட் மாடல்கள்தான் தப்பின! பக்கத்திலிருக்கும் கனடாவில் 2007 முதலே இம்மொபிலைசர் கட்டாயம் என்பதால் அதே கார்கள் அங்கே இப்படிப் போகவில்லை. மிச்சம் பிடித்த பாகத்துக்காக, 2023ல் சுமார் 20 கோடி டாலர் நஷ்ட ஈட்டுக்கு ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. ஆகவே பழைய சாவி வைத்திருப்பவர்களும் ரொம்ப நிமிர்ந்து உட்கார வேண்டாம்.

கனடாவுக்கே திரும்புவோம். கார் திருட்டுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுத்த தொகை 2022ல் முதல் முறையாக 100 கோடி டாலரைத் தாண்டியது. 2023ல் 150 கோடி. யார் பணம்? திருடுபோகிற மாடல் வைத்திருந்தவர்களிடம் கூடுதல் பிரீமியம் கேட்டார்கள், அவர்கள் சொல்லும் கருவியைப் பொருத்தினால் தள்ளுபடி என்றார்கள். திருட்டுக் கொடுத்தவன் புதுக் கார் வாங்க அதே ஷோரூமுக்குத்தான் போகிறான். யாருக்கும் நஷ்டமில்லாத திருட்டு, உங்களைத் தவிர. 2024 பிப்ரவரியில் அரசாங்கம் மாநாடு போட்டு, ஃப்ளிப்பர் ஜீரோ என்ற குட்டிக் கருவியைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது. அந்த விளையாட்டுச் சாமானை வைத்து இந்த வகையில் கார் திருட முடியாது என்று விவரம் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மருந்து உண்டா என்றால், உண்டு. ஜாகுவார் லேண்ட்ரோவர், ஆமாம், நம்ம டாடா வாங்கியதேதான், 2018 வாக்கில் சில மாடல்களில் அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோவை வைத்தது. பதில் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று அது அளக்கும். ஒளி ஒரு நானோ செகண்டில் 30 சென்டிமீட்டர்தான் போகும், சாவி படுக்கையறையில் இருந்தால் நேரம் காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. மோட்டார் சங்கம் வரிசையாகக் கார்களைச் சோதித்தபோது பெரும்பாலானவை தோற்க, இவை நின்றன. ஆனால் அதே கம்பெனியின் பழைய ரேஞ்ச் ரோவர்கள் லண்டனில் போய்க்கொண்டே இருந்தன, இன்சூரன்ஸ்காரர்கள் கை விரித்தார்கள். 2023ல் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்துப் பழைய கார்களின் பாதுகாப்பைச் சரிசெய்யப் போவதாகக் கம்பெனி சொன்னது. ஃபோர்டு இன்னும் எளிதாகச் செய்தது. 2019ல் பிரிட்டனில், 40 செகண்ட் அசையாமல் கிடந்தால் தூங்கிப் போகும் சாவி. ஆணியில் மாட்டினால் தூங்கும், கையில் எடுத்தால் விழிக்கும். ராக்கெட் விஞ்ஞானமா இது?

சரி, உங்களிடம் இருப்பது தூங்காத சாவி. என்ன பண்றது?

உலோக உறையோ மூடி இறுக்கமான தகர பிஸ்கெட் டப்பாவோ போதும். எவர்சில்வர் தூக்கும் சரிதான், ஆனால் மூடி லூஸாக இருந்தால் பிரயோஜனமில்லை. டப்பாவில் சாவியைப் போட்டு, டப்பாவோடு கார் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் டப்பா தோற்றது. துணி உறைகள் மடிப்பில் தேய்ந்துபோகும், அவ்வப்போது இதே மாதிரி சோதியுங்கள். இரண்டாவது சாவியை எல்லோரும் மறக்கிறார்கள். பீரோவில் கிடக்கும் அதுவும் ராத்திரி பூரா விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. தயவுசெய்து மைக்ரோவேவில் வைக்காதீர்கள், காலையில் யாராவது பால் சுடவைக்க வருவார்கள். டொயோட்டா, லெக்ஸஸ் சாவிகள் பலவற்றில் லாக் பட்டனைப் பிடித்தபடியே அன்லாக் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் விளக்கு நாலு தடவை மின்னிவிட்டுத் தூங்கிவிடும். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக வைத்தது, இதற்கும் உதவுகிறது. சில கார்களில் கீலெஸ்ஸை மெனுவிலேயே அணைத்துவிடலாம். மேனுவலைப் புரட்டுங்கள், அட்டை பிரிக்காமல் டேஷ்போர்டில்தான் இருக்கும்.

ஆனால் டப்பா எல்லாத் திருட்டையும் தடுக்காது. 2022ல் லண்டனில், கார் பாதுகாப்பையே தொழிலாக ஆராயும் ஒருவரின் டொயோட்டா ராவ்4 போனது. முதலில் பம்பரை இழுத்து, ஹெட்லைட் ஒயரைக் கழற்றிப் போட்டிருந்தார்கள், சில நாளில் கார் இல்லை. ஹெட்லைட் ஒயர் வழியாகக் காரின் உள் நெட்வொர்க்கில் புகுந்து, ‘சாவி சரி’ என்று பொய்ச் செய்தி அனுப்பும் வித்தை. கருவியை புளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் ஒளித்துவைத்து விற்றார்கள். இங்கே சாவிக்கு வேலையே இல்லை. ஸ்டியரிங் அடியில் உள்ள சர்வீஸ் சாக்கெட்டில் செருகி, வெற்றுச் சாவிக்குப் புது ஜாதகம் எழுதுகிறவர்கள் தனி ஜாதி. அவர்கள் டில்லியிலும் உண்டு. இவர்களுக்கெல்லாம் எதிராக நிற்பது அந்த அசிங்கமான பழைய இரும்பு ஸ்டியரிங் லாக்தான். உடைக்க முடியாததல்ல. ஆனால் உடைக்க நேரமும் சத்தமும் ஆகும், அவனுக்கு இரண்டுமே பிடிக்காது. டெஸ்லா 2018ல் கொண்டுவந்தது போல, நம்பர் போட்டால்தான் வண்டி நகரும் வசதி உங்கள் காரில் இருந்தால் போட்டுவையுங்கள். டிராக்கர் நல்லதுதான், ஆனால் அது போன பிறகு அழுவதற்கு.

நம்மூர்க்காரர்களுக்கு ஒன்று. கார் திருடுபோய் கிளெய்முக்குப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்கும். ஒன்று குறைந்தால் கேள்விக்கு மேல் கேள்வி. சாவி வீட்டில் பத்திரமாக இருக்க, கார் தானாகவா போனது என்றும் கேட்பார்கள். ஆமாம், இப்படித்தான் போகும் என்று நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

அடுத்த தடவை ஷோரூம் போனால் சன்ரூஃபைத் திறந்து காட்டும் பையனிடம் ஒரு ஸ்டூல் கேளுங்கள். டிரைவர் கதவு பக்கத்தில் போட்டு, காரைப் பூட்டி, சாவியை அதன் மேல் வையுங்கள். காபி வந்தால் குடியுங்கள். ஐந்து நிமிஷம் யாரும் சாவியைத் தொட வேண்டாம். பிறகு கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால், டாப் மாடலுக்குச் சொன்ன அந்தக் கூடுதல் விலையில் ஒரு ஸ்டியரிங் லாக்கும் பிஸ்கெட் டப்பாவும் சேர்த்தியா என்று கேட்டுவிட்டுப் பேரத்தை ஆரம்பியுங்கள்.