கொல்லன் பட்டறையில் கிடந்த வேல்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் வந்தவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துப்போய்க் காட்டினான். அங்கே ஔவை பாடியதாகப் பழைய குறிப்பு சொல்லும் பாட்டுதான் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. மொத்தம் ஒன்பதே அடிகள். ஆயுதத்தைப் பற்றி ஆயுதக் கொட்டிலில் நின்றே பாடியது. ஆனால் அங்கிருந்த ஆயுதங்கள் எல்லாவற்றையும்விடக் கூர்மையாக இருந்தது, வெறுங்கையோடு வந்த அந்தத் தூதரின் பேச்சு.

தூதாக வந்தவரிடம் கொட்டிலைத் திறந்து காட்டினால் அதற்கு என்ன பொருள் என்பது எவருக்கும் விளங்கும். ஔவை அஞ்சவும் இல்லை, பதிலுக்கு மிரட்டவும் இல்லை. கண்ணெதிரே இருப்பதை அப்படியே வருணிக்கத் தொடங்குகிறார். மயிற்பீலி சூட்டியிருக்கிறது, மாலை போட்டிருக்கிறது, திரண்ட வலிய காம்பைத் திருத்திச் செப்பம் செய்திருக்கிறது, நெய் பூசியிருக்கிறது, காவல் மிகுந்த அகன்ற அரண்மனையில் பத்திரமாக இருக்கிறது. இதில் பழிச்சொல் என்று ஒன்றுமில்லை, பொய்யும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் தொண்டைமானின் முகம் மலர்ந்துகூட இருக்கலாம்.

அடுத்து, தொலைவில் இருக்கும் அதியமானின் ஆயுதங்களுக்குப் போகிறார். பகைவரைக் குத்திக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து, அவை எப்போதும் கொல்லனுடைய சின்னப் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். மேலோட்டமாகக் கேட்டால், ‘உங்களிடம் நல்ல ஆயுதம் இருக்கிறது, எங்களிடம் உடைந்ததுதான் இருக்கிறது’ என்று இரங்குவதுபோல இருக்கும். புரிந்துகொள்ள ஒரு நொடி பிடிக்கும். நெய் மின்னுகிறது என்றால் இன்னும் களம் காணவில்லை. நுனி ஒடிந்திருக்கிறது என்றால் ஓய்வே இல்லை.

இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அகன்ற மாளிகை, மற்றது குறுகிய கொட்டகை. ஒன்றுக்குக் காவல் உண்டு. மற்றதற்குக் காவல் பற்றிய பேச்சே இல்லை. காக்க வேண்டிய நிலையில் இருக்கும் ஆயுதம் யாரைக் காக்கும்? இந்தக் கேள்வியை ஔவை கேட்கவில்லை. கேட்கும்படி நம்மை விட்டுவிடுகிறார். தூதரின் நாவுக்கு வேண்டிய அடக்கம் இது.

பாட்டுக்குத் துறை வகுத்தவர்கள் இதை வாள்மங்கலம் என்றார்கள். வேந்தனின் வாளைச் சிறப்பித்து வாழ்த்துவது அந்தத் துறை. இங்கே அலங்காரம் எல்லாம் தொண்டைமானின் படைக்கலத்துக்கு. வாழ்த்தோ அதியமானின் முறிந்த வேலுக்கு. வகுத்தவர்களின் நுட்பமும் பாராட்டத்தக்கதே.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுவது கடைசி நான்கு அடிகள். போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சோற்றைப் பற்றிப் பேசுகிறார். இருக்கும்போது உணவு கொடுப்பவன், இல்லாதபோது இருப்பதைக் கூட அமர்ந்து பகிர்ந்து உண்பவன், வறியவர்களின் சுற்றத்துக்குத் தலைவன், அவனே எங்கள் கோமான் என்று சொல்லிவிட்டு, அவனுடைய வேல் என்று பாட்டை முடிக்கிறார். ‘வேல்’ என்பதே பாட்டின் கடைசிச் சொல். அதுவரை அங்கே கிடப்பது என்ன ஆயுதம் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வேலுக்குத் தரும் அடைமொழியோ கூர்நுனி! சற்றுமுன் சிதைந்த நுனி என்றவர், இப்போது கூர்நுனி என்கிறார். முரண் இல்லை. பட்டறைக்குப் போன வேல் தீட்டப்பட்டுத் திரும்பும் என்பது அதற்குள் இருக்கிறது. தொண்டைமானுக்கு விடுத்த எச்சரிக்கை முழுவதும் அந்த ஓர் அடைமொழியில் அடங்கிவிட்டது.

சோறும் வேலும் ஒரே மூச்சில் வருவது தற்செயல் அல்ல. அவன் படையின் வலிமை கொட்டிலில் இல்லை, உடன் உண்ணும் சுற்றத்தில் இருக்கிறது என்பதே தூதின் சாரம். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறிந்த தமிழிப் பொறிப்பும் அதியன் நெடுமான் அஞ்சி வழங்கிய கற்குகை உறைவிடத்தையே சொல்கிறது. கல்லில் நிலைத்ததும் அவன் கொடைதான்.

வகுப்பறைகளில் இந்தப் பாட்டை வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லி விரைவாகக் கடந்துவிடுகிறோம். அணியின் பெயர் சரிதான். ஆனால் அதோடு நின்றால் பாட்டின் முதல் பாதிதான் கைக்கு வரும். தமிழாசிரியர்கள் அந்தக் கடைசி நான்கு அடிகளில் சற்று நேரம் நின்று, மாணவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். ஆயுதம் யார் கையில், யாருக்காக இருக்கிறது என்பதை வைத்தே அதை மதிக்க வேண்டும் என்று அவர்கள் ஔவையிடமே கற்றுக்கொள்ளட்டும்.