எங்களுக்கு இல்லையா, மேடம்?

வகுப்பில் பிருந்தா–முக்தா சகோதரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “அவ்வளவு பெரியவங்கன்னா எங்களுக்கு ஏன் பேரே தெரியல?” என்றாள் ஒரு மாணவி. “அவங்க இசைக் கலைஞர்களே கொண்டாடுற கலைஞர்கள்” என்றேன், எல்லோரும் சொல்வதைப்போல. “அப்ப எங்களுக்கு இல்லையா, மேடம்?” அந்தப் பாராட்டுக்குள் ஒரு கதவடைப்பு இருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

பிருந்தா 1912இலும் முக்தா 1914இலும் பிறந்தவர்கள். வீணை தனம்மாளின் பேத்திகள், காமாட்சியின் மகள்கள். தேவதாசி மரபில் வந்த குடும்பம். பாட்டியும் தாயும் காத்துவந்த பதங்களையும் ஜாவளிகளையும் இவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். ராம்நாட் கிருஷ்ணன், அருணா சாய்ராம் போன்றோர் பிருந்தாவிடம் கற்றவர்கள். ஆனாலும் பெருங்கூட்டம் இவர்களைத் தேடி வரவில்லை. சௌக்க காலம் எல்லோருக்கும் பிடிக்காது என்று காரணம் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை.

1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சுரண்டல் முறை ஒழிந்தது நல்லதே. ஆனால் அந்தப் பெண்கள்மீது சுமத்திய களங்கம் அவர்கள் கலைமீதும் ஒட்டிக்கொண்டது. க்ஷேத்ரய்யா பதத்தின் நாயகி ஊடுவாள், ஏசுவாள், தன் ஆசையைத் தானே சொல்வாள். அவளை இந்தச் சகோதரிகள் கூச்சமில்லாமல், அவசரமில்லாமல் பாடினார்கள். ஒலிப்பதிவில் இரு குரலும் ஒரே கமகத்துக்குள் சேர்ந்து இறங்கும்போது, அக்கா யார், தங்கை யார் என்று பல இடங்களில் எனக்குப் பிரித்தறிய முடிவதில்லை.

மியூசிக் அகாடமிக்குப் பிரித்தறிய முடிந்தது. 1976இல் சங்கீத கலாநிதி பட்டம் பிருந்தாவுக்கு மட்டும் கிடைத்தது. பிற்காலத்தில் பிருந்தா மகள் வேகவாஹினியுடன் பாடினார் என்பது உண்மை. அவருடைய தகுதியிலும் ஐயமில்லை. ஆனால் பதம் பாடும் அந்தப் பாணி இரு பெண்கள் சேர்ந்து வளர்த்தது. 2010இல் பம்பாய் சகோதரிகள் இருவருக்கும் சேர்த்தே அதே பட்டத்தை வழங்கினார்கள். அப்போது முக்தா உயிரோடு இல்லை, 2007இல் காலமாகியிருந்தார்.

மறுவாரம் வகுப்பில் விளக்கம் எதுவும் சொல்லாமல் அவர்கள் பாடிய ஒரு பதத்தைப் போட்டேன். தெலுங்கு யாருக்கும் தெரியாது. முடிந்ததும் அதே மாணவி, “இன்னொரு தடவை போடுங்க, மேடம்” என்றாள்.