வேடமும் தவ்பாவும்: 'மார்மூலக்' திரைப்படத்தை முன்வைத்து

அரபுக் கல்லூரியில் ஹரீரியின் 'மகாமாத்' நடத்தத் தொடங்கியிருந்த காலம். முதல் மகாமா முடிந்த அன்று மாணவர் ஒருவர் எழுந்து, "ஹழ்ரத், இந்த அபூ ஸைத் ஏமாற்றுக்காரர் என்பது தெரிந்துவிட்டது. அதன் பிறகும் அவர் செய்த உபதேசத்தை நாங்கள் ஏன் மனனம் செய்ய வேண்டும்?" என்று கேட்டார். ஸன்ஆ நகரில் மக்களை அழவைத்துப் பொருள் திரட்டிய அந்த உபதேசி, ஒரு குகைக்குள் வெள்ளை ரொட்டியும் பொரித்த ஆட்டிறைச்சியும் மதுக் குடுவையுமாக அமர்ந்திருந்த காட்சியை அப்போதுதான் படித்து முடித்திருந்தோம். "மொழியின் அழகுக்காக" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்கு நகர்ந்தேன். அந்த விடை மாணவருக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. அக்கேள்வியை மீண்டும் என் முன் கொண்டுவந்து நிறுத்தியது, சிரிப்பதற்காக எடுக்கப்பட்ட ஓர் ஈரானியத் திரைப்படம்.

கமால் தப்ரீஸி இயக்கி, பைமான் காசிம்கானி எழுதிய 'மார்மூலக்' 2004-ஆம் ஆண்டு வெளிவந்தது. மார்மூலக் என்றால் பாரசீகத்தில் பல்லி. சுவரேறுவதில் வல்லவரான ரிஸா என்ற திருடருக்கு வாய்த்த பட்டப்பெயர் அது. ஆயுள் தண்டனை பெற்ற அவர், கைதிகளை வற்புறுத்தியேனும் நல்லவர்களாக்கிவிட வேண்டும் என்று முனைந்து நிற்கும் சிறை அதிகாரியிடம் அகப்படுகிறார். காயமுற்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படும்போது, அதே அறையில் மார்க்க அறிஞர் ஒருவர் சிகிச்சை பெறுகிறார். அவர் பெயரும் ரிஸா. அந்த ஆலிமின் அமாமாவையும் அபாவையும் அணிந்துகொண்டு திருடர் தப்பிவிடுகிறார். எல்லை கடந்து ஓடும் எண்ணத்துடன் ஒரு சிற்றூரில் வந்திறங்கும் அவரை, தாங்கள் எதிர்பார்த்திருந்த புதிய இமாம் என்று எண்ணி ஊரார் வரவேற்கின்றனர். போலிக் கடவுச்சீட்டு கிடைக்கும்வரை அவர் பள்ளிவாசலில் தொழுகை நடத்தவும் பயான் செய்யவும் நேர்கிறது. ரிஸாவாக நடித்திருப்பவர் பர்வீஸ் பரஸ்தூயி.

இக்கதைக்கட்டு புதியதன்று. 1923-இல் சார்லி சாப்ளின் 'தி பில்கிரிம்' படத்தில் பாதிரியார் உடையணிந்த சிறைக்கைதியாக வந்து, தாவூதும் ஜாலூத்தும் பொருதிய கதையைத் தேவாலயத்தில் அபிநயித்துக் காட்டினார். 1989-இல் வெளிவந்த 'வி ஆர் நோ ஏஞ்சல்ஸ்' படத்திலும் தப்பியோடிய கைதிகள் இருவர் பாதிரிமார்களாக வேடமிட்டு எல்லை கடக்கக் காத்திருக்கின்றனர். ஆயினும் தப்ரீஸியின் படத்தை அவற்றின் பாரசீக நகல் என்று ஒதுக்குவது நியாயமாகாது. சாப்ளினின் கைதி, படத்தின் முடிவிலும் வேடம் கலைந்த கைதியாகவே எல்லைக்கோட்டில் நிற்கிறார். ரிஸாவோ வேடத்தால் உள்ளே மாற்றப்படுகிறார். இந்த வேறுபாடு மிகப் பெரியது. இதன் மூலவடிவத்தை ஹாலிவுட்டில் தேடுவதைவிட நம் பாடநூலில் தேடுவதே பொருத்தம்.

ஹரீரியின் ஐம்பது மகாமாக்களில் கடைசியானது பஸ்ராவில் நிகழ்கிறது. அபூ ஸைத் வழக்கம்போல் பள்ளிவாசலில் நின்று, தாம் பாவி என்றும் தமக்காக துஆச் செய்யுங்கள் என்றும் மக்களை வேண்டுகிறார். இதுவும் ஒரு தந்திரமே என்று கதைசொல்லி ஹாரிஸ் எண்ணுகிறார். ஆனால் மக்களின் துஆ பலித்துவிடுகிறது. ஏமாற்ற வந்தவர் மெய்யாகவே மனம் திருந்தியவராக வெளியேறுகிறார். பின்னர் ஸரூஜில் அவரைத் தேடிச் சென்ற ஹாரிஸ், கம்பளி ஆடையில் இரவெல்லாம் வணங்கும் ஒருவரைக் காண்கிறார். விருந்தினருக்கு அங்கே கிடைப்பது எளிய ரொட்டியும் எண்ணெயும் மட்டுமே. முதல் மகாமாவின் குகை விருந்தையும் இந்த உணவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு ஹரீரியின் கருத்து விளங்கிவிடும். 1122-இல் மறைந்த பஸ்ராவின் அந்த அறிஞர், நாற்பத்தொன்பது மகாமாக்களில் நம்மைச் சிரிக்கவைத்துவிட்டு, ஐம்பதாவதில் தவ்பாவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

திரைப்படத்தின் நகைச்சுவையில் தலைசிறந்த பகுதி, இரண்டு இளைஞர்கள் ரிஸாவைப் பின்தொடரும் காட்சிகளே. போலி ஆவணம் தயாரிப்பவரைத் தேடி அவர் இரவில் ஊருக்குள் அலைகிறார். இளைஞர்களோ, இமாம் ஏழைகளுக்கு மறைவாக உதவி செய்யச் செல்கிறார் என்று விளங்கிக்கொள்கின்றனர். செய்தி பரவுகிறது, வெறிச்சோடிக் கிடந்த பள்ளிவாசல் நிரம்புகிறது. இங்கே நகைக்கப்படுவது இமாமின் அமாமா அன்று. அதை மட்டுமே பார்த்து கராமத்துகளைக் கட்டியெழுப்பும் நம்முடைய கண்கள்தாம். மார்க்க அறிஞர்களை இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பு எழுந்து, பெருங்கூட்டத்தை ஈர்த்துக்கொண்டிருந்த படம் ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே ஈரானின் திரையரங்குகளிலிருந்து விலக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் திருடரின் தலையிலிருந்த அமாமாவைப் பார்த்தார்கள். அமாமாவின் கீழ் அத்திருடருக்கு நேர்ந்ததைப் பார்க்கவில்லை. உள்ளபடியே அந்த உடையின் கண்ணியத்தை இப்படத்தைப்போல் உயர்த்திப் பேசிய படங்கள் அரிது.

படம் எழுப்பும் மார்க்க வினா எளிதானதன்று. தீயவர் ஒருவர் வாயிலாக நன்மை விளைந்தால் அந்த நன்மையின் தகுதி என்ன? கைபர் போரில் கடுமையாகப் போரிட்ட ஒருவரை நரகவாசி என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததும், அவர் காய வேதனை தாளாமல் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டதும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. பாவியான மனிதரைக் கொண்டும் அல்லாஹ் இம்மார்க்கத்திற்கு வலுவூட்டுவான் என்ற கருத்து அந்நிகழ்ச்சியை ஒட்டியே அறிவிக்கப்பட்டது. இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பயன் விளைந்தது என்பதால் பயன் விளைத்தவர் ஈடேற்றம் பெற்றுவிடுவதில்லை. விளைத்தவர் தீயவர் என்பதால் பயன் பொய்யாகிவிடுவதுமில்லை. ஃபிக்ஹு நூல்களும் இதே தராசைப் பிடிக்கின்றன. இமாம் உளூ இல்லாமல் தொழவைத்தது பின்னர் தெரியவந்தால், அறியாமல் பின்பற்றியவர்களின் தொழுகை கூடிவிடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. மீட்டித் தொழ வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபு. முன்னது பின்பற்றியவரின் நிய்யத்தைப் பேணுகிறது. பின்னது இமாமத்தின் பொறுப்பை வலியுறுத்துகிறது. மார்மூலக்கின் ஜமாஅத்தாரை நான் ஷாஃபிஈ கண்ணோடும், மார்மூலக்கை ஹனஃபி கண்ணோடும் பார்க்க விரும்புகிறேன்.

அந்தக் கண்ணோடு பார்க்கும்போது படத்தின் குறை புலப்படுகிறது. இறைவனை அடையும் வழிகள் மனிதர்களின் எண்ணிக்கை அளவுக்கு உண்டு என்பதும், அவன் நல்லவர்களுக்கு மட்டுமல்லாமல் குற்றவாளிகளுக்கும் இறைவனே என்பதும் படத்தின் மையக் கருத்துகள். இறை அருளின் விரிவைச் சொல்லும் வகையில் இவை உண்மை. ஆனால் மிம்பரில் நிற்க நல்ல இதயம் ஒன்றே போதும் என்ற எண்ணத்தையும் படம் விதைத்துவிடுகிறது. சட்ட நுணுக்கக் கேள்விகள் கேட்கப்படும்போதெல்லாம் அவை சிரிப்புக்கு மட்டுமே பயன்படுகின்றன. கற்றறிந்த ஒரே மனிதரான மருத்துவமனை ஆலிமோ தொடக்கத்திலேயே கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். இக்லாஸ் இல்லாத இல்மு ஆபத்து என்பதைப் படம் நன்றாகச் சொல்கிறது. இல்மு இல்லாத இக்லாஸும் ஊரை வழிதவறச் செய்யலாம் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறது.

எனினும் இறுதிக் காட்சி இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. பள்ளிவாசல் மக்களால் நிறைந்திருக்கும் வேளையில் சிறை அதிகாரி வந்துவிடுகிறார். ரிஸா ஓடவில்லை. தம்மையே உற்றுநோக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவனிடம் அந்த உடையை ஒப்படைத்துவிட்டு அதிகாரியுடன் நடக்கிறார். கைவிலங்கு பூட்டப்படுவதில்லை. தமக்கு உரியதல்லாத உடையைத் தாமே கழற்றித் தந்ததுதான் அவருடைய தவ்பா. அவரை வற்புறுத்தித் திருத்த முயன்ற அதிகாரியும் அன்று ஏதோ கற்றுக்கொள்கிறார்.

என் மாணவரின் கேள்விக்கு இப்போது விடை சொல்ல முடியும். அபூ ஸைதின் உபதேசத்தை மனனம் செய்வது, சொன்னவரை நம்பியன்று. அச்சொற்கள் ஒருநாள் சொன்னவரையே வந்து பிடித்தன என்பதற்காக. நாள்தோறும் ஜுப்பா அணிந்து வகுப்புக்குச் செல்லும் எனக்கு அந்த விடை ஆறுதலாகவும் அச்சமாகவும் இருக்கிறது. நாம் பிறருக்குச் சொல்லும் சொற்கள் நம்மை இன்னும் வந்து பிடித்தனவா என்பதை, உடையைக் கழற்றி வைக்கும் இரவு வேளையில் அவரவர்தாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.