காதால் பார்க்க வேண்டிய பேய்ப்படங்கள்

பேய்ப்படம் பார்க்கையில் பயம் தாங்கவில்லை என்றால் கண்ணைத்தான் மூடிக்கொள்கிறோம். காது திறந்தே இருப்பதால் பயம் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த திகில் படங்களில் என் மனதில் நிற்பவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றில் பலவற்றுக்கு இசை அமைத்தவர்கள் சினிமாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களாக இருக்கிறார்கள். வீட்டு அறையில் பாடிப் பதிந்து இணையத்தில் வெளியிட்டவர், சின்ன நிறுவனங்களில் எலக்ட்ரானிக் ஆல்பம் போட்டவர், வீடியோ கேமுக்கு இசை செய்தவர் என்று ஆளுக்கொரு பாதை. புதிய திகில் சினிமாவுக்கு உயிர் கொடுத்தவர்கள் இந்தச் சுயாதீன இசைக்காரர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் தேர்வில் வரும் படங்களையும், கூடவே கேட்க வேண்டிய ஆல்பங்களையும் சொல்கிறேன்.

இதற்கு முன்னோடி ஜான் கார்ப்பென்டர். 1978இல் அவர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தின் மொத்தச் செலவு சுமார் 3 லட்சம் டாலர். ஆர்கெஸ்ட்ரா வைக்கப் பணம் கிடையாது. இசை சேர்க்காத பிரதியைப் பார்த்த ஸ்டூடியோ அதிகாரி ஒருவருக்குப் பயமே வரவில்லை என்று கார்ப்பென்டரே எழுதியிருக்கிறார். பிறகு அவரே பியானோவும் சிந்தசைஸருமாக உட்கார்ந்து, ஐந்து எண்ணிக்கையில் சுற்றும் ஒரு சிறிய மெட்டைப் போட்டார். இசைப் பேராசிரியரான அப்பா சிறு வயதில் பாங்கோஸில் சொல்லிக்கொடுத்த தாளம் அது. கண்ட நடை கேட்டு வளர்ந்த நமக்கு ஐந்து எண்ணிக்கை இயல்பானது. நான்கு நான்காக எண்ணிப் பழகிய அமெரிக்க ரசிகருக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் கால் இடறுவதுபோல் இருந்தது. காசில்லாமல் செய்த அந்த இசைதான் இன்றைக்கும் திகில் படத்துக்கு இலக்கணம்.

என் பட்டியலில் முதலிடம் டேவிட் ராபர்ட் மிட்செல் இயக்கிய 'இட் ஃபாலோஸ்' (2014) படத்துக்கு. உடலுறவின் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் ஒரு சாபம். சாபம் பிடித்தவரை ஓர் உருவம் பின்தொடரும். அது ஓடாது, நடந்தே வரும், ஆனால் விடாது. முதல் ஷாட்டைப் பாருங்கள். மரங்கள் அடர்ந்த ஒரு குடியிருப்புத் தெரு. ஹை ஹீல்ஸ் போட்ட இளம்பெண் ஒருத்தி வீட்டிலிருந்து ஓடி வருகிறாள், திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். துரத்துபவர் யாரும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என்ன ஆச்சு என்று விசாரிக்கிறாள், அப்பா வாசலில் நின்று கூப்பிடுகிறார். கேமரா நின்ற இடத்திலேயே அவளோடு மெல்லச் சுழல்கிறது. அவள் தெருவைச் சுற்றி வந்து வீட்டுக்குள் நுழைந்து, மறுபடி வெளியே வந்து, காரில் ஏறிப் பறக்கிறாள். வெட்டே இல்லாத இந்த ஷாட்டில் ஆபத்து எங்கோ நிற்கிறது என்று சொல்ல சிந்தசைஸரைத் தவிர வேறு சாட்சி இல்லை. அடியிலிருந்து ஒரு துடிப்பு எழுந்து நெஞ்சுவரை ஏறுகிறது.

அந்தத் துடிப்புக்குச் சொந்தக்காரர் ரிச் வ்ரீலாண்ட். டிசாஸ்டர்பீஸ் என்ற பெயரில் இசை வெளியிடுபவர். பழைய வீடியோ கேம் கருவிகளின் ஒலிச் சில்லுகளை வைத்துச் செய்யும் சிப்டியூன் இசைதான் அவர் வளர்ந்த இடம். 'ஃபெஸ்' (2012) என்ற கேமுக்கு அவர் செய்த இசையைக் கேட்டுத்தான் மிட்செல் அவரைத் தேடிப் பிடித்தார். இந்தத் தேர்வு ஏன் பலித்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஆடுபவர் ஓர் அறையில் எவ்வளவு நேரம் நிற்பார் என்று கேமுக்கு இசை அமைப்பவருக்குத் தெரியாது. முடிவில்லாமல் சுற்றினாலும் சலிக்காத இசையை அவர் செய்தாக வேண்டும். அந்தப் பொறுமை கைவந்த ஒருவர், நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும் ஓர் உருவத்துக்கு இசை அமைத்தால் இப்படித்தான் வரும்.

அடுத்தது ஆரி ஆஸ்டரின் 'ஹெரெடிட்டரி' (2018). இதற்கு இசை கோலின் ஸ்டெட்சன். ஆர்கேட் ஃபயர், போன் ஐவர் போன்ற இண்டி குழுக்களோடு மேடையேறிய சாக்ஸஃபோன் கலைஞர். அவருடைய தனி ஆல்பங்களை முதல்முறை கேட்பவர்கள் பத்து மெஷின்கள் ஓடுகின்றன என்று நினைப்பார்கள். அத்தனையும் ஒரே மனிதரின் மூச்சு. கன்னத்தில் காற்றைத் தேக்கி வாத்தியத்துக்குள் விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சை இழுப்பார். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் சுருதி அறுபடாமல் ஊதுவாரே, அதே நுட்பம். கழுத்திலும் வாத்தியத்தின் உடலிலும் மைக் வைத்துப் பதிவதால், விசைகள் தட்டும் ஒலி மேளமாகவும் தொண்டைக்குள் முனகுவது பாட்டாகவும் கேட்கும்.

ஆஸ்டர் திரைக்கதை எழுதும்போதே ஸ்டெட்சனின் இசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அது படத்தில் தெரிகிறது. ஒரு குடும்பத்தின் துக்கத்துக்கு அடியில், யாரோ பக்கத்து அறையில் மூச்சு விடுவதுபோன்ற ஆழமான ஒலி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த வீட்டுச் சிறுமி சார்லிக்கு நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்' என்று சத்தம் எழுப்பும் பழக்கம் உண்டு. படத்தின் முற்பகுதியில் அது வெறும் குழந்தைப் பழக்கம். பின்னால் அவள் இருக்க முடியாத இடத்தில் அதே 'டொக்' கேட்கும்போது தியேட்டரே உறைந்துபோகும். லட்சக்கணக்கில் செலவழித்த கிராஃபிக்ஸ் எதுவும் அந்த ஒற்றை ஒலிக்கு ஈடாகாது. கடைசிக் காட்சியில் என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். அங்கே ஸ்டெட்சனின் இசை வெற்றிக் கொண்டாட்டமாகப் பொங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். நாம் பரிதாபப்படும் மனிதர்களின் தரப்பில் அந்த இசை இல்லை. அவர்களை அழித்தவர்களின் மகிழ்ச்சியை அது பாடுகிறது.

அடுத்த ஆண்டே 'மிட்சோமர்' (2019) வந்தது. ஏறக்குறைய இருட்டே இல்லாத பேய்ப்படம். ஸ்வீடனின் கோடைக்காலத்தில், வெள்ளை உடையும் பூக்கிரீடமுமாக நிற்கும் மக்களுக்கு நடுவே கொடுமைகள் பெரும்பாலும் பட்டப்பகலில் நடக்கின்றன. இதற்கு ஆஸ்டர் அழைத்து வந்தவர் பாபி க்ர்லிக். ஹேக்ஸன் க்ளோக் என்ற பெயரில் இசை வெளியிடும் இங்கிலாந்துக்காரர். அவருடைய 'எக்ஸ்கவேஷன்' (2013) ஆல்பத்தின் அட்டையில் கறுப்புப் பின்னணியில் ஒரு தூக்குக் கயிறு தொங்கும். சாவுக்குப் பின்னான பயணம்தான் ஆல்பத்தின் பொருள். பாடலோ சொல்லோ கிடையாது. மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல் அதிரும் பேஸ், இடையிடையே நீளும் தந்திகள், நெடிய மௌனங்கள். இப்படிப்பட்ட ஒருவர் வெயில் காயும் படத்துக்கு என்ன செய்தார்? தொடக்கத்தில் நாயகி டேனி தன் குடும்பத்தை இழந்து கதறுகிறாள். அந்தக் கதறலும் வயலின்களும் ஒன்றோடொன்று கலந்து, அழுவது மனிதரா வாத்தியமா என்று பிரிக்க முடியாமல் போகிறது. அதே தந்திகள் படத்தின் முடிவில் அழகாக, ஏறக்குறைய ஆனந்தமாக ஒலிக்கின்றன. துக்கத்தில் இருக்கும் ஒருத்தியை ஒரு கூட்டம் எப்படித் தன்னுடையவளாக்கிக்கொள்கிறது என்பதை வசனம் சொல்வதைவிடத் தெளிவாக இசை சொல்லிவிடுகிறது.

இசையே இல்லாமலும் ஒலியால் பயமுறுத்தலாம் என்று காட்டியது 'ஸ்கின்னமரிங்க்' (2022). கனடாவின் கைல் எட்வர்ட் பால், எட்மன்டனில் தான் வளர்ந்த வீட்டிலேயே 15,000 கனேடிய டாலரில் எடுத்த படம். இரண்டு குழந்தைகள் இரவில் விழித்துப் பார்க்கிறார்கள். அப்பாவைக் காணோம்; வீட்டின் கதவுகளும் ஜன்னல்களும் ஒவ்வொன்றாக மறைகின்றன. திரையில் நாம் பார்ப்பதெல்லாம் சுவரின் மூலை, தரையில் சிதறிய பொம்மைகள், பழைய கார்ட்டூன் ஓடும் டிவியின் நீல வெளிச்சம். படம் முழுக்கப் பழைய டேப்பின் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஏதோ குரல் கேட்கிறதே என்று நாமே உற்றுக் கேட்கத் தொடங்குகிறோம். எல்லோருக்கும் இந்தப் படம் பிடிக்காது, பொறுமை வேண்டும். சின்ன வயதில் நடுராத்திரி தனியாக எழுந்து உட்கார்ந்த நினைவு உள்ளவர்களுக்கு இதைப்போல் ஒரு படம் இல்லை.

ஜேன் ஷூன்ப்ரனின் 'ஐ சா த டிவி க்ளோ' (2024) வேறு வகை. தொண்ணூறுகளில் ஓவன், மேடி என்ற இரண்டு பதின்பருவத்தினர் ஒரு டிவி தொடருக்குள் தங்கள் உண்மையான வாழ்க்கை இருப்பதாக உணர்கிறார்கள். 'த பிங்க் ஓபேக்' என்ற அந்தத் தொடரின் பெயரே காக்டோ ட்வின்ஸ் குழுவின் ஆல்பம் ஒன்றின் பெயர். இயக்குநர் திருநர்; தன் உண்மையைச் சொல்ல முடியாமல் ஆண்டுகளைக் கழிப்பவரின் மூச்சுமுட்டல்தான் இந்தப் படத்தின் பேய். பின்னணி இசை அலெக்ஸ் ஜி. பிலடெல்பியாவில் வீட்டிலேயே பாடிப் பதிந்து பேண்ட்கேம்ப் தளத்தில் போட்டுப் பேர் வாங்கியவர். கேரலைன் போலச்செக், சிங்கப்பூரில் பிறந்த யூல் போன்றவர்களைப் படத்துக்கென்றே பாட வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டுத் தொகுப்பு படத்தை விட்டுத் தனியாகக் கேட்டாலும் நிற்கும்.

டேனி பாயிலின் '28 டேஸ் லேட்டர்' (2002) படத்தில் ஆளில்லாத லண்டன் தெருக்களில் ஒருவன் நடக்கையில் ஒலித்தது காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர் என்ற மான்ட்ரியல் குழுவின் இசை. இண்டி இசையைத் திகில் படம் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அது பாடம். '28 இயர்ஸ் லேட்டர்' (2025) படத்துக்கு அவர் எடின்பரோவின் யங் ஃபாதர்ஸ் குழுவை அழைத்தார். அப்பா பன்னிரண்டு வயது மகனை முதல்முறை தீவிலிருந்து பெருநிலத்துக்கு அழைத்துச் செல்லும் காட்சியில், ராணுவ நடையைப் பற்றிய கிப்ளிங் கவிதை ஒன்றின் 1915ஆம் ஆண்டுப் பதிவு ஓடுகிறது. டெய்லர் ஹோம்ஸ் என்ற நடிகர் வாசித்தது. நிதானமாகத் தொடங்கும் குரல் போகப்போக வெறியாகிறது. நூறு ஆண்டு பழைய இசைத்தட்டின் கீறலுக்குள்ளிருந்து வரும் அந்தக் குரல் இந்தப் படத்தில் வரும் எந்த ஜோம்பியையும்விட என்னைக் கலங்கடித்தது.

கோரலி ஃபார்ஜாவின் 'த சப்ஸ்டன்ஸ்' (2024) ஒப்பனைக்காக ஆஸ்கர் வாங்கியது. என்னைக் கேட்டால் அதன் ஒலிக்கும் பரிசு கொடுத்திருக்க வேண்டும். டென்னிஸ் க்வைட் இறால் உரித்துத் தின்னும் காட்சியில் கேமராவோடு மைக்கும் அவர் வாய்க்குள் போய்விட்டதுபோல் இருக்கும். ராஃபர்ட்டி என்ற எலக்ட்ரானிக் கலைஞரின் இடிக்கும் பேஸ், இளமையை விற்கும் விளம்பர உலகின் நாடியாகவே துடிக்கிறது.

இந்தியாவில் இரண்டைச் சொல்வேன். மராட்டியக் கிராமத்து மழையிலேயே ஊறிய 'தும்பாட்' (2018) படத்தின் பின்னணி இசை டென்மார்க்கின் ஜெஸ்பர் கிட். அவரும் 'அசாசின்ஸ் க்ரீட்', 'ஹிட்மேன்' கேம்களிலிருந்து வந்தவர். ராகுல் சதாசிவனின் மலையாளப் படமான 'பிரமயுகம்' (2024) முழுக்கக் கறுப்பு வெள்ளை. இடிந்த மனை ஒன்றுக்குத் தஞ்சம் கேட்டு வருபவன் ஒரு பாணன். நம் சங்கப் பாடல்களில் பரிசில் தேடி நடக்கும் பாணர்களை நினைவூட்டுபவன். மனைக்காரராக வரும் மம்முட்டி அவனைப் பார்த்ததும் பாடச் சொல்கிறார். பாடியவன் மாட்டிக்கொள்கிறான். கிறிஸ்டோ சேவியரின் இசை அந்தப் பொறியின் கதவு சாத்தப்படுவதை நமக்கு முன்கூட்டியே உணர்த்திவிடுகிறது. தமிழில் சந்தோஷ் நாராயணன் 'பீட்சா' (2012) படத்தில் தொடங்கிவைத்ததை இன்னும் எத்தனையோ பேர் தொடர்ந்திருக்கலாம். நம் பேய்ப்படங்கள் பெரும்பாலும் திடீரென்று 'டமார்' என்று ஒலியைக் கூட்டித் தூக்கிவாரிப் போடுவதிலேயே திருப்தி அடைந்துவிடுகின்றன. அந்த அதிர்ச்சி ஒரு நொடியில் தீர்ந்துபோகிறது.

ஒலியைக் காதலிப்பவர்கள் தவறவிடக் கூடாத இன்னொன்று பீட்டர் ஸ்ட்ரிக்லண்டின் 'பெர்பேரியன் சவுண்ட் ஸ்டூடியோ' (2012). இத்தாலியத் திகில் படம் ஒன்றுக்கு ஒலி சேர்க்க வரும் ஆங்கிலேயரின் கதை. அந்தத் திகில் படத்தில் நடக்கும் கொலைகள் எதுவும் நமக்குக் காட்டப்படுவதில்லை. தர்பூசணியைக் கத்தியால் பிளக்கிறார்கள், முட்டைக்கோஸைக் குத்துகிறார்கள். நம் மனம் மிச்சத்தைப் பார்த்துவிடுகிறது. இசை பிராட்காஸ்ட் குழு. பாடகி ட்ரிஷ் கீனன் 2011 ஜனவரியில் இறந்துபோக, குழுவில் உடனிருந்த ஜேம்ஸ் கார்கில் வேலையை முடித்தார். 2013இல் வார்ப் நிறுவனம் அதை ஆல்பமாக வெளியிட்டது. சின்னச் சின்னத் துண்டுகளாக வந்து மறையும் அந்த இசையில் ட்ரிஷின் குரல் எட்டிப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகும்.

இந்தப் படங்களை ஃபோனின் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் வராது. இந்த இசைக்காரர்களின் பாதி உழைப்பு அங்கேதான் இருக்கிறது. தியேட்டர் கிடைத்தால் தியேட்டர், இல்லையென்றால் விளக்கை அணைத்து நல்ல ஹெட்போனில் பாருங்கள். பிடித்துப்போனால் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி கலைஞருக்கே போகிறது. எங்கே தொடங்குவது என்று கேட்டால், பார்ப்பதற்கு 'இட் ஃபாலோஸ்', கேட்பதற்கு 'எக்ஸ்கவேஷன்'.